1847 எண்ணுக்கு இரண்டு ரசீது

ஜூன் மாதம், சேர்க்கை நேரம். கல்லூரி அலுவலகக் கவுண்டரில் ஒரு அப்பா பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை வாங்கிக்கொண்டு புது எண் போட்ட ரசீது தருவதற்காக நாங்கள்தான் அவரை வரச் சொல்லியிருந்தோம். மகளின் கல்விக் கடனுக்காக அந்த ரசீதின் நகலை ஏற்கெனவே வங்கியில் கொடுத்துவிட்டாராம். இனி அங்கேயும் ஒரு நடை போக வேண்டும். “பணம் கட்டியாச்சுல்ல தம்பி, நம்பர் எதுவா இருந்தா என்ன?” என்றார். அவரிடம் இருந்தது 1847. அதே 1847 இன்னொரு மாணவனின் வீட்டிலும் இருந்தது. இரண்டும் அசல். தப்பு என்னுடையது.

அந்தக் கல்லூரியில் நான் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தது 2003இல். பிறகு சிஸ்டம் அட்மின் என்றார்கள். சம்பளம் அதேதான். சேர்ந்தபோது பாதி மெஷின்களில் விண்டோஸ் 98. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் எஸ்கேப் பட்டனை அழுத்தினால் போதும், “வாங்க” என்று உள்ளே விட்டுவிடும். எந்த மென்பொருளை எங்கே போட்டாலும் ஓடும். யாருக்கு என்ன உரிமை என்ற பேச்சே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி வந்து, எந்தக் கோப்பு யாருடையது, யார் அதில் எழுதலாம் என்று கணக்கு வைக்கும் என்டிஎஃப்எஸ் வந்து, ஒவ்வொரு மாணவனுக்கும் தனி லாகின் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

முதலில் மாட்டியது டர்போ சி, மாணவர்கள் சி மொழியில் புரோகிராம் எழுதப் பழகும் மென்பொருள். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஆள். கம்ப்யூட்டர் என்றால் ஒரே ஒருவர் உட்காருவது என்று நினைத்து எழுதப்பட்டது. மாணவன் கோப்புக்குப் பெயர் வைக்காமல் சேமித்தால் ‘நோநேம்00’ என்று தானே ஒரு பெயர் வைத்து, தான் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிடும். காலை பேட்ச் பையன் ஒருவன் இப்படிச் சேமித்துவிட்டுப் போனால் அந்தக் கோப்புக்கு அவன்தான் உரிமையாளர். மதியம் அதே நாற்காலிக்கு வரும் பெண்ணும் பெயர் வைக்க மாட்டாள். யார்தான் வைத்தார்கள்! அவளால் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க முடியும், அதன் மேல் எழுத முடியாது. “சார், இந்த சிஸ்டம் சரியில்லை” என்று அடுத்த மெஷினுக்குப் போவாள். அங்கேயும் ஒரு நோநேம்00 உட்கார்ந்திருக்கும். ஒரு வாரம் கீபோர்டை மாற்றினேன், டர்போ சியைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன். என் லாகினில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே? நான் அட்மின், யார் கோப்பின் மேலும் எழுதுவேன். அந்தப் பெண்ணின் லாகினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே ஒரு வாரம் ஆனது.

அந்தப் பாடம் மனதில் நின்றிருந்தால் 1847 நடந்திருக்காது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் ரொம்ப நாளாக ஒரே லாகின்தான். பெயர் ‘ஆபீஸ்’, முழு அட்மின் உரிமை, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். பென்டிரைவ் வழியாக வைரஸ் வருவதும், நான் போய் ஃபார்மட் அடிப்பதும் மாதாந்திரச் சடங்கு. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதைச் சொல்லித்தான் விண்டோஸ் 7க்கு மாற முதல்வரிடம் அனுமதி வாங்கினேன். சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம் செய்தேன். காலையில் கவுண்டரில் உட்காரும் மேடத்துக்கு ஒரு லாகின், மதியம் வரும் சாருக்கு ஒரு லாகின், இருவரும் சாதாரண யூசர்கள். அட்மின் உரிமை என்னிடம் மட்டும்.

ரசீது மென்பொருள் உள்ளூரில் ஒருவர் விஷுவல் பேசிக்கில் எழுதிக் கொடுத்தது. கணக்கு முழுக்க ஒரே ஒரு ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில், அதுவும் விண்டோஸ் மென்பொருள்களை வைக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு உள்ளேயே இருந்தது. சனிக்கிழமை இன்ஸ்டால் செய்தேன், பழைய கணக்கைக் கொண்டுவந்து வைத்தேன், ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, அதாவது அட்மின் உரிமையோடு திறந்தேன். கடைசி ரசீது 1846. பிரின்டரும் ஓடியது. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மாலை கல்லாவை எண்ணினால் பணம் இருக்கிறது, அன்றைய வசூல் பட்டியலில் பாதிதான் இருக்கிறது. பட்டியல் எடுத்தது சாரின் லாகினில். மேடம் காலையில் அடித்த ரசீதுகள் ஒன்றுகூட இல்லை. மேடம் தன் லாகினில் திறந்து காட்டினார். அவருடையவை எல்லாம் இருந்தன, சாருடையவை ஒன்றும் இல்லை.

“நான் அடிச்சதை யாரோ அழிச்சிருக்காங்க” என்றார் சார், யாரையும் பார்க்காமல்.

“இருபது வருஷமா பக்கத்துல உட்காந்திருக்கோம். நான் எதுக்கு சார் அழிக்கப் போறேன்?” என்றார் மேடம், அவரை நேராகப் பார்த்து.

சூப்பிரண்டென்ட் கார்பன் காப்பிகளை மேஜையில் பரப்பினார். மேடம் 1847இல் தொடங்கி 1889 வரை. சாரும் 1847இல் தொடங்கி 1874 வரை. நான் என் லாகினில் போய்த் திறந்தேன். கடைசி ரசீது 1846. சனிக்கிழமை வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரே கோப்பு, மூன்று பேர் திறந்தால் மூன்று கணக்கு.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடத்தின் லாகினில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். மேலே கருவிப்பட்டையில் இதுவரை நான் கவனிக்காத ஒரு பட்டன்: ‘கம்பாட்டிபிலிட்டி ஃபைல்ஸ்’. அழுத்தினேன். மேடத்தின் லாகினுக்கென்று விண்டோஸ் தனியாக வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், லோக்கல் என்ற ஃபோல்டருக்குள், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே அதே பெயரில் ஆக்சஸ் கோப்பு, மேடத்தின் 43 ரசீதுகளோடு. சாரின் லாகினிலும் அப்படி ஒன்று, 28 ரசீதுகளோடு.

நடந்தது இதுதான். புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரண யூசர் எழுதக் கூடாது. ஆனால் எல்லோரும் அட்மினாக இருந்த காலத்து மென்பொருள்கள் அங்கேதான் எழுதும். தடுத்தால் நின்றுவிடும். அதனால் விண்டோஸ் 7க்கு முந்தைய பதிப்பான விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு சமாதானம் செய்து வைத்தது. இப்படிப்பட்ட பழைய 32 பிட் மென்பொருள் எழுத வந்தால், ‘முடியாது’ என்று சொல்லாமல், கோப்பை அந்த யூசரின் தனி இடத்துக்கு நகல் எடுத்து, அங்கே எழுத விட்டுவிடும். மென்பொருளுக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. அட்மின் உரிமையோடு திறந்தால் மட்டும் அசல் கோப்பு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ‘எழுத உரிமை இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழைச்செய்தி வந்திருந்தால், காலை ஒன்பதரை மணிக்கே மேடம் என்னைக் கூப்பிட்டிருப்பார்.

மென்பொருள் எழுதியவருக்கு போன் போட்டேன். “சார், ரெண்டு பேருக்கும் அட்மின் குடுத்துடுங்க, ஓடிரும்” என்றார். ஓடும்தான். ஒரு குடம் தண்ணீர் கேட்டவருக்குக் கிணற்றையே எழுதிக் கொடுப்பது மாதிரி. அந்த இருவருக்கும் தேவைப்பட்டது ஒரு கோப்பில் எழுதும் உரிமை, அவ்வளவுதான். கணக்குக் கோப்பை டி டிரைவில் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் இருவருக்கும் ‘மாடிஃபை’ (திருத்தி எழுதும்) உரிமை கொடுத்து, மென்பொருளின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் கணக்குக் கோப்பின் பாதையை மாற்றினேன். வேலை பத்து நிமிடம். சாரின் 28 ரசீதுகளை 1890 முதல் 1917 வரை புதிதாக அடித்து, 28 வீடுகளுக்கு போன் செய்து, பழையதைத் திரும்ப வாங்க இரண்டு வாரம். கல்விக் கடன் அப்பா அந்த 28இல் முதல் ஆள்.

மேடமும் சாரும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள் என்றாலும், அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இருவரும் என் எதிரில் பேசியதில்லை.

அதற்குப் பிறகும் ஏமாந்திருக்கிறேன். ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு தமிழ்ப் பேராசிரியைக்குத் தட்டச்சு மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். அவர் லாகினிலேயே இருந்தபடி, அனுமதி கேட்ட பெட்டியில் என் அட்மின் பாஸ்வேர்டை அடித்தேன். இன்ஸ்டால் முடிந்ததும் மென்பொருள் தானே திறந்தது. தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, லாகின் ஆனதும் தானாகத் தொடங்கு என்று டிக் போட்டு, அம்மா என்று அடித்தும் காட்டினேன். மறுநாள் காலை: “தம்பி, நேத்து நீங்க நிக்கும்போது ஓடுச்சு. இன்னைக்கு ஒண்ணுமே வரலை.” பாஸ்வேர்டு என்னுடையது என்பதால், அந்த நேரத்தில் மென்பொருளுக்கு யூசர் நான். அவருக்காகச் செய்த ஏற்பாடெல்லாம், ஒவ்வொரு யூசரின் அமைப்புகளையும் விண்டோஸ் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் என் பெயரில் பத்திரமாக இருந்தது. அவர் லாகினில், அவர் உரிமையிலேயே இன்னொரு தடவை திறந்து அதே டிக்கைப் போட்டதும் சரியானது.

எழுத்துரு கதை இதற்கு நேர் எதிர். முன்பெல்லாம் ஒரு ஃபான்ட் போடக்கூட அட்மின் வேண்டும். வினாத்தாள் நேரத்தில் நான் மாடி மாடியாக ஏறி இறங்குவேன். விண்டோஸ் 10இல் 1809 பதிப்போடு அது மாறியது, சாதாரண யூசரே போட்டுக்கொள்ளலாம். அப்பாடா என்றிருந்தேன். அதே பேராசிரியை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவைத் தானே போட்டு வினாத்தாள் அடித்தார். அதே மெஷினில் தன் லாகினில் திறந்த இன்னொருவருக்கு ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தது. இப்படிப் போட்ட எழுத்துரு, போட்டவரின் வீட்டுக்குள் மட்டும்தான் இருக்கும். ரைட் கிளிக் செய்து ‘எல்லா யூசர்களுக்கும்’ என்று போட வேண்டும், அதற்குத் திரும்பவும் அட்மின். மறுபடி மாடி ஏறினேன்.

இப்போது எல்லா மெஷினிலும் ‘சோதனை’ என்று ஒரு லாகின் வைத்திருக்கிறேன். எந்த உரிமையும் இல்லாத லாகின். எதை இன்ஸ்டால் செய்தாலும் வெளியே வந்து, அதில் நுழைந்து, திறந்து, ஒரு கோப்பைச் சேமித்து, மூடி, வேறு ஒரு சாதாரண லாகினில் அதே கோப்பைத் திறந்து பார்ப்பேன். எங்கேயாவது முரண்டு பிடித்தால் மென்பொருள் செய்வதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓட விட்டு, ‘ஆக்சஸ் டினைடு’ (அனுமதி மறுப்பு) என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டினால், மென்பொருள் எந்தக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் “எதுக்கு சார் இவ்வளவு, நம்ம லாகின்ல ஓடுதே” என்பான். அவனிடம் ரசீதுக் கதையைச் சொல்லியிருக்கிறேன், சிரித்தான்.

அலுவலகத்தில் பாஸ்வேர்டுச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் அப்புறம் வேறு சீட்டு வந்தது. மேடம் மதியம் எழுந்து போகும்போது தான் அடித்த கடைசி ரசீது எண்ணை அதில் எழுதி ஒட்டிவிடுவார். சார் வந்து, தன் முதல் ரசீது அதற்கு அடுத்த எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கையில் வாங்குவார். நான் அதை எடுக்கச் சொன்னதில்லை.