செவலைக்கு வயிறு கெட்டபோது

காலையில் எங்கள் நாய் செவலை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தான். அப்புறம் தண்ணீராகப் பேதி. பக்கத்து வீட்டு அக்கா, "காய்ச்சல் மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடு" என்றார். நல்ல மனசுதான், ஆனால் கூடவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டேன். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவந்தது, ஈரமாகவும் இருந்தது. காய்ந்து பிசுபிசுத்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம்.

சோற்றை நிறுத்தி, தண்ணீரை மட்டும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். கிண்ணத்தோடு வைத்தால் மடமடவென்று குடித்து அப்படியே கக்கிவிடுவான். வாந்தி நின்று, சாயங்காலம் குழைந்த சோறும் தோல், எலும்பு இல்லாத வெந்த கோழியும் ஒரு கைப்பிடி. உப்பு, மசாலா கிடையாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை எப்போதுமே ஊற்றாதீர்கள். நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும்.

செவலை வளர்ந்தவன், தடுப்பூசி போட்டவன், அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். குட்டி என்றால் காத்திருக்கவே வேண்டாம், பார்வோ என்ற வைரஸ் நோய் அவ்வளவு வேகம். மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.