பக்கத்தில் யாராவது ஒருவர்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த நாள் முதல், தற்கொலை முயற்சியிலிருந்து காப்பாற்றப்பட்டு வீடு திரும்புவோரின் குடும்பத்தாரிடம் நான் தவறாமல் சொல்லிவந்த வாக்கியம் ஒன்று உண்டு: "கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க, பக்கத்துல யாராவது ஒருத்தர் இருந்துக்கிட்டே இருங்க." டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது ஒரு வரியாக இருக்கும். வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களுமே மறுமுயற்சிக்கான ஆபத்து மிகுந்த காலம் என்பதால், அந்த அறிவுரையில் தவறில்லை. ஆனால் வார்டில் செவிலியர்கள் மூன்று ஷிஃப்டாக மாறி மாறிப் பார்த்த வேலையை, அந்த ஒற்றை வரியைக் கொண்டு ஒரு தாயின் கையிலோ மனைவியின் கையிலோ கொடுத்து அனுப்புகிறோம் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

உறைக்க வைத்தவர், கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தாய். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்றாவது வாரம் மகனை அழைத்துக்கொண்டு ஓ.பி.க்கு வந்திருந்தார். மகன் தேறியிருந்தான், அம்மாவுக்குத்தான் வரிசையில் நிற்கும்போதே கண் செருகியது. மகன் மருத்துவரைப் பார்க்க உள்ளே சென்றதும், அவரை உட்காரவைத்து, "நீங்க எப்பம்மா தூங்குனீங்க?" என்று கேட்டேன்.

"வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு எங்க மேடம் தூங்குறது?"

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டதாகவும், இரவில் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பதாகவும், அவன் அசையாமல் கிடந்தால் எழுந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதாகவும் சொன்னார். மூன்று வாரமாகக் கூலி இல்லை. மகளிர் குழுத் தவணை நின்றுபோயிருந்தது. ஊருக்கும் உறவுக்கும் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருந்ததால், உதவி என்று ஒருவரைக் கூப்பிடவும் வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், "நான் ஒருத்தி இருக்கிறதே உனக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாகப் பேசவில்லை. மகனோ, திருடனைக் காவல் காப்பதுபோல் காக்கிறாய் என்று சீறியிருக்கிறான்.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை விட்டு அகலவில்லை. "ஏன்டா எங்களை விட்டுட்டுப் போகப் பாத்தேன்னு ஒரு வார்த்தை கேட்க முடியல மேடம். கேட்டா மறுபடியும் ஏதாச்சும் பண்ணிக்குவானோன்னு பயம்." அந்தக் கோபத்தின் அடியிலேயே, அன்று காலை அவனைத் திட்டாமல் இருந்திருக்கலாமோ என்ற குற்ற உணர்வும் கிடந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல், சோறு போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, சிரித்த முகத்தோடு நடமாட வேண்டியிருந்தது அவருக்கு. இதை வெறும் உடற்களைப்பு என்று எழுதிக்கொள்ள என்னால் முடியவில்லை.

குடும்பங்கள் முதலில் அஞ்சுவது போலீஸ் வழக்கைத்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவைச் சொல்லி அந்த அச்சத்தைப் பெருமளவு தணித்துவிடலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது சொல்கிறது. இரவெல்லாம் அவரருகே விழித்திருப்பவரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் தற்கொலைக்கு முயன்ற 1,867 பேரிடம் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு வேறொரு வகையில் வழிகாட்டியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேர விளக்கமும், பதினெட்டு மாதங்கள் வரை தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது முறை நலம் விசாரிப்பும். இரண்டாவது பிரிவில் தற்கொலை மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. யாரோ ஒருவர் தொடர்ந்து விசாரிப்பது முயன்றவருக்கு அவ்வளவு பயன் தருமானால், அந்த அழைப்பை எடுத்து "இதோ கொடுக்கிறேன்" என்று போனை மகனிடம் நீட்டும் தாயையும் இரண்டு நிமிடம் விசாரிக்கலாமே என்று எண்ணினேன்.

இப்போது வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தாரிடம், மாறி மாறி உடனிருக்கக்கூடிய இன்னும் இருவரின் பெயரைக் கேட்கிறேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பயப்படாமல் கேளுங்கள் என்கிறேன். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுக்கும்போது, "இது உங்களுக்கும்தான், ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம்" என்று சேர்த்துச் சொல்கிறேன். ஓ.பி. பதிவேட்டில் உடன் வந்தவரின் நிலையை எழுதக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.

அந்தத் தாய், நீண்ட தயக்கத்துக்குப் பின், மகனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தன் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "காமாலைன்னு சொன்னப்பவே நான் நம்பலடி" என்ற அக்கா, அன்று மாலையே ஒரு பையோடு வந்து இறங்கியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது, அக்கா விழித்திருந்த அந்த முதல் இரவில் நான்கு மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "என் பேருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட முடியுமா மேடம்?" என்று கேட்டார்.