ஹேட் போட்ட வீடு

போன வாரம் என் இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தில் டீச்சர் ஒரே ஒரு சொல்லை அடித்திருந்தார். 'ஹேட்' (had). நாற்பது வயதில் சிவப்பு மை வாங்கினால் சுருக்கென்றுதான் இருக்கிறது.

கனடாவில், ஹாலிஃபாக்ஸில், எங்களைப் போல வந்து குடியேறியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பு. நான் எழுதியது இது: 'தி ஹவுஸ் தட் மை கிராண்ட்ஃபாதர் ஹேட் பில்ட் வாஸ் வாஷ்ட் அவே இன் 1964.' ஐயா தனுஷ்கோடியில் கட்டிய வீட்டை டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே விழுங்கிய கடலுக்கு எங்கள் வீடு எம்மாத்திரம்?

எனக்குக் கோபம். இறந்த காலம் இரண்டு வந்தால் முந்தியதற்கு 'ஹேட்' என்றுதானே படித்தோம்? இதற்கு உதாரணம் சொல்ல, டாக்டர் வருவதற்குள் அந்த நோயாளியைச் சாகடிக்காத இங்கிலீஷ் வாத்தியார் தமிழ்நாட்டில் உண்டா? டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: கட்டிய பிறகுதானே வீடு அடித்துக்கொண்டு போகும், எது முந்தி எது பிந்தி என்று யாரும் குழம்பமாட்டார்கள். 'ஹேட்' தப்பில்லை, வெறும் 'பில்ட்' போதும்.

சரி என்று அடுத்த வரியில் நானே 'ஹேட்'டை எடுத்தேன். 1965இல் ஐயா பாம்பனில் ஒருவரைப் பார்த்தார். அவர் தனுஷ்கோடியில் தலைமன்னார் கப்பலுக்கு மூட்டை தூக்கியவர். 'ஹூ கேரீட்' என்று எழுதினேன். "அப்போதும் அங்கேதான் தூக்கிக்கொண்டிருந்தாரா?" என்றார் டீச்சர். 1965இல் அங்கே ஏது ரயில், ஏது கப்பல்? 'ஹேட் கேரீட்' என்றால்தான் அது முடிந்துபோன பிழைப்பு என்று தெரியுமாம். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. பனி தள்ளுகிறேன், வானிலை பற்றி லிஃப்டில் பேசுகிறேன். மீன்கடையில் ஹேடக் வாங்குகிறேன். பாருங்கள், மீனுக்குள்ளும் ஒரு 'ஹேட்'. முள் இல்லை, வாசம் இல்லை, புளிக்குழம்பில் போட்டால் உதிர்ந்துபோகிறது. தங்கச்சிமடத்தில் இதே நேரம் சீலாவைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். மஞ்சளும் உப்பும் தடவி, அருவாமனையை அலசிச் சாய்த்துவைக்கிற சத்தம்வரை கேட்கிறது. பழகிவிட்டது என்றேனே!

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, நம்மிடமும் இது உண்டு. கட்டின வீடு, கட்டியிருந்த வீடு. நின்றாலும் விழுந்தாலும் 'கட்டின' போதும். அப்பத்தா மட்டும் எப்போதும் "ஐயா கட்டியிருந்த வீடு" என்பாள். அந்த 'இருந்த'வில் குரல் கொஞ்சம் இறங்கும். சிறுவயதில் அது பேச்சுவாக்கு என்று நினைத்தேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"நேத்து என்னம்மா குழம்பு?"

"சீலா வாங்கியிருந்தேன்யா."

"வாங்குனியா, வாங்கியிருந்தியா?"

"வாங்கியிருந்தேன். பூனை தின்னுட்டுப் போயிருச்சு. ரசம்தான்."