கான்கிரீட்டும் ஒரு பாறைதான்

ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பொறுக்கிய கல்லில் சின்னச் சின்னக் கற்கள் பதிந்திருந்தால் உடனே 'அபூர்வப் பாறை' என்று குதிக்க வேண்டாம், அது தண்ணீரில் உருண்டு உருண்டு மூலையெல்லாம் மழுங்கிப்போன கான்கிரீட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குழப்பம் வருவது நியாயம்தான். இயற்கையில் கூழாங்கற்களும் மணலும் சேர்ந்து இறுகி உருவாகும் திரள்பாறையும் ஏறக்குறைய இதே அமைப்புதான். கான்கிரீட்டில் பசை சிமெண்ட், இறுகும் வேலை பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும், அவ்வளவே.

நான் முதலில் தேடுவது குமிழி ஓட்டைகளை. கலவையைக் கலக்கும்போது சிக்கிய காற்று, கற்களுக்கு இடையிலுள்ள சாம்பல் நிறப் பசையில் உருண்டையான குழிகளாக நின்றுவிடும். திரள்பாறையில் இப்படி இருக்காது. எரிமலைப் பாறையிலும் குமிழி உண்டு, ஆனால் அதில் இப்படி மணலும் ஜல்லியும் நெருக்கமாகக் கலந்து கிடப்பதில்லை. அப்புறம் ஜல்லியைப் பாருங்கள்: உடைத்த கல் என்றால் கூர்மையான முனைகள், சல்லடையில் சலித்ததால் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எதுவுமே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் பலகை வைத்ததுபோல் தட்டையாக இருந்தாலோ, செங்கல் துண்டோ துருக்கறையோ தெரிந்தாலோ கான்கிரீட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, சிமெண்டும் நுரைக்கும், சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும்.