வீட்டுக்காரர் பேரில் போட இருந்தோம், நல்லவேளை!

ஓசூரில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு ரிட்டையர் ஆனேன். கைக்கு வந்த பணத்தில் 10 லட்சத்தை ஆன்யுட்டியில் (மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்க பென்சன் தரும் இன்சூரன்ஸ் திட்டம்) போட்டு மாசாமாசம் பென்சன் வாங்கலாம் என்று நினைத்தோம். ஒரு வாரத்து வேலை, ஒன்றரை மாதம் இழுத்தது.

முதலில் ஏஜென்ட். தர்மபுரி நான்கு ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்து, "பொம்பளைங்களுக்கு ஆயுசு கெட்டி மேடம். அதனால பென்சன் கம்மியாத்தான் குடுப்பாங்க, சார் பேர்லயே போட்டுடுங்க" என்றார். கூடவே ஒரு தாளை நீட்டினார். என் பேரில் மாதம் 6,800 சொச்சம், வீட்டுக்காரர் பேரில் 7,700 சொச்சம். நம்பி ஃபாரத்தில் அவர் பெயரைக்கூட எழுதிவிட்டோம்.

பாலக்கோடு பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: அவருக்கு வயது 66, எனக்கு 60. மறுநாள் இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்துக்கே போய், 60 வயது ஆணுக்கு எவ்வளவு, 60 வயது பெண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டேன். முதல் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஏஜென்ட்டைக் கேளுங்க" என்றார். பக்கத்து கவுன்டர் பெண் இரண்டையும் தட்டிக் காட்டினாள். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை! 900 ரூபாய் கூடியது அந்த ஆறு வயதுக்குத்தான்.

அதைவிட மோசம், ஏஜென்ட் காட்டியது தனி நபர் திட்டம், அசலும் திரும்ப வராது. வீட்டுக்காரர் போனால் பென்சனும் நின்றுவிடும், எனக்கு நயா பைசா கிடையாது. ஆயுசு கெட்டி என்று சொன்ன அதே வாய்தான் இதற்கும் வழி சொன்னது.

அயர்லாந்தில் இருக்கும் அண்ணன் மகனிடம் புலம்பினேன். அந்தப் பக்கமும் முன்பு பெண் என்றால் மாதத் தொகை குறைவாம், அதிக காலம் கொடுக்க வேண்டிவரும் என்ற கணக்கில். 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 2012 டிசம்பர் 21-லிருந்து புதிதாகப் போடுகிற பாலிசிகளில் ஆண் பெண் பார்த்துத் தொகை மாற்றக் கூடாது என்று ஆகிவிட்டதாம். அமெரிக்காவில் கம்பெனி வழியாக வரும் பென்சனுக்கு 1983-லேயே இப்படித் தீர்ப்பாம், தனியாகப் போய் வாங்கினால் இன்னமும் ஆண் பெண் பார்க்கலாமாம்.

சரி, இருவர் பேரிலும் சேர்த்து ஜாயின்ட் போடலாம் என்று போனால் அடுத்த தலைவலி. பான் கார்டில் நான் பிறந்தது 1965, ஆதாரில் 1967. இரண்டு வயது குறைந்தால் பென்சனும் குறையும், அதனால் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை எல்லா நகலையும் வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அன்றே கண்ணில் படவில்லையா? ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் ஒரிஜினலோடு போய், திரையில் தேதியைச் சரிபார்த்த பிறகே சரி சொல்லுங்கள். வரிசையிலேயே ஒரு நாள் போனது.

கடைசியில் இருவர் பேரிலும் ஜாயின்ட். மாதம் 6,200 சொச்சம், யார் முதலில் போனாலும் மற்றவருக்கு அதே தொகை. பாண்டு (பாலிசிப் பத்திரம்) வந்ததும் எந்த ஆப்ஷன் என்று அன்றே படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம், அப்புறம் ஆப்ஷனை மாற்ற முடியாது.

முதல் தவணை போன வாரம் ஏறியது. "1,500 ரூபாய் போச்சே" என்று வீட்டுக்காரர் இன்னும் முனகுகிறார்.