டைரியில் நான் எழுதிய வரி

"வகுப்பு நேரத்தில் வேண்டுமென்றே சத்தம் எழுப்புகிறான். பெற்றோர் நேரில் வரவும்." ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் டைரியில் சிவப்பு மையால் நான் எழுதியது இது. கணக்கு டீச்சராக இருபது வருடம் ஓட்டியவளுக்குத் தெரியாத சேட்டை உண்டா என்ற நினைப்பு.

ஜூலையில் வெறும் கண் சிமிட்டல்தான். பலகை தெரியவில்லையோ என்று முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். ஆகஸ்டில் அது குறைந்து, தோளைக் குலுக்க ஆரம்பித்தான். அப்புறம் தொண்டையைச் செருமுவது. பின்ன வகுத்தலை விளக்கிக்கொண்டிருப்பேன், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "ம்க்கும்" என்று வரும், வகுப்பே சிரிக்கும். அதட்டினால் பத்து நிமிடம் சத்தமே இருக்காது. என்னை ஏமாற்றியது அந்தப் பத்து நிமிடம்தான். அடக்க முடிகிறதே, அப்படியென்றால் வேண்டுமென்றுதானே செய்கிறான்? வெளியே நிற்க வைத்தேன், ஒரு நாள் மட்டும் இல்லை.

அவன் அம்மா பனியன் கம்பெனியில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். "இங்க அடக்கி அடக்கி வச்சிட்டு, வீட்டுக்கு வந்தா சாயங்காலம் பூரா விடாம செய்யறான் டீச்சர்" என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தொண்டைக்கு சிரப், மாமியார் சொல்லி மந்திரித்த கயிறு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. செல்போனையும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். எந்தப் பலனும் இல்லை.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் பேச்சுவாக்கில்தான் இதைச் சொன்னேன். "டிக் மாதிரி இருக்கே டீச்சர்" என்றார். எனக்குத் தெரிந்த டிக், சரியான விடைக்குப் போடுவது. அவர் சொன்னது, தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவையோ சத்தத்தையோ. அவர்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார். மனநலம் என்றதும் அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, நானும் கூடப் போனேன்.

டாக்டர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. இது நரம்பு மண்டலம் சார்ந்தது, பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலும் 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் தலைகாட்டி, 10, 12 வயதில் உச்சத்துக்குப் போகும். பலருக்குப் பதின்வயது முடிவதற்குள் தணிந்துவிடும். வலிப்பு அல்ல, நினைவு தப்பாது. ஒன்று போய் இன்னொன்று வருவதும், கூடிக் குறைவதும் இதன் இயல்பு. அசைவுகளில் குறைந்தது இரண்டும், சத்தத்தில் குறைந்தது ஒன்றும் இருந்து, தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டால் டூரெட் என்பார்கள். ஒன்பது நோயாளிகளைப் பற்றி 1885இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டே, அது பத்தில் ஒருவருக்குத்தான் இருக்குமாம்.

எனக்குப் பாடம் நடத்தியது டாக்டரை விட அந்தப் பையன்தான். டாக்டர் கேட்டபோது அவன் சொன்னான்: "தும்மல் வர்ற மாதிரி தொண்டைல என்னமோ பண்ணும் சார். அடக்கலாம். ஆனா டீச்சர் என்ன சொல்றாங்கன்னு காதுல விழாது." நான் அதட்டி வாங்கிய அந்தப் பத்து நிமிடங்களில் அவன் கணக்கே படிக்கவில்லை. தும்மலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

மாத்திரை உடனே வேண்டாம், தொந்தரவு அதிகமானால் பார்க்கலாம் என்றார் டாக்டர். செருமல் வரப்போகிற உணர்வு எழும்போதே மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது போல, டிக்குக்கு எதிரான ஒரு செயலைப் பழக்கும் பயிற்சிக்கு அனுப்பினார். எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: கண்டுகொள்ளாதீர்கள். கேட்க எளிது. நாற்பது பிள்ளைகள் அமைதியாகக் கணக்குப் போடும்போது வரும் ஒரு "ம்க்கும்"முக்குத் தலையைத் திருப்பாமல் இருந்து பாருங்கள், தெரியும். பரிட்சை நெருங்கினால் அவனுக்குக் கூடும். அதனால் அரையாண்டுத் தேர்வை ஆய்வகத்தில் தனியாக எழுத வைத்தோம். கேட்காமலே வெளியே போய் வரலாம் என்றும் சொல்லியிருந்தேன். முதல் வாரம் ஐந்தாறு தடவை போனான். அப்புறம் போகவே இல்லை.

வகுப்பில் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். தானே சொல்வதாகச் சொல்லி, அதே தும்மல் கதையைச் சொன்னான். ஒருத்தி எழுந்து, "ஒட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். ஒட்டாது என்றதும் அவ்வளவுதான், அந்த விஷயத்தில் பிள்ளைகளுக்கு சுவாரசியம் போய்விட்டது. ஆசிரியர் அறையில்தான் இழுத்தது. "இடம் கொடுத்தா எல்லாரும் செருமுவாங்க" என்றார் ஒருவர். யாரும் செருமவில்லை.

இப்போது வேறு பெற்றோர் இப்படிக் கேட்டு வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்களிடம் முதலில் 14416 எண்ணுக்குப் பேசச் சொல்கிறேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். செருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது. மார்ச் மாதம் மட்டும் கண் சிமிட்டல் எட்டிப் பார்க்கும். வகுப்பில் யாரும் திரும்புவதில்லை. நானும்தான் என்று எழுத ஆசை. ஆனால் இன்னமும் என் கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் பலகைக்குத் திரும்புகிறது.