தூக்க முடியாத தூக்குப்பாலம்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனின் ரோசியு ஸ்டேஷனில் ரயிலேறினால் மலையூர் சிந்த்ரா நாற்பது நிமிடம். ஸ்டேஷன் வாசலில் குதிரை லாடம்போல இரண்டு பெரிய வளைவுகள். போகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

434-ஆம் நம்பர் பஸ் மலையேற்றி இறக்கிவிட்டபோது பெனா அரண்மனையையே காணோம், ஒரே மூடுபனி. அரை மணி நேரம் நனைந்த பிறகு முதலில் மஞ்சள் தெரிந்தது, அப்புறம் சிவப்பு. "சினிமா செட் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

சிவப்புப் பகுதி, 16-ஆம் நூற்றாண்டு மடாலயம். 1755 பூகம்பத்தில் சிதைந்தது. 1834-இல் அரசு துறவியர் சபைகளைக் கலைக்க, 1838-இல் இடிபாட்டை வாங்கியவர் அரசி இரண்டாம் மரியாவின் கணவர் ஃபெர்னாண்டோ, ஜெர்மன் இளவரசர். பழுதுபார்க்கத் தொடங்கியவருக்கு ஆசை அடங்கவில்லை. பக்கத்திலேயே மஞ்சள் அரண்மனை எழும்பியது. கட்டும் பொறுப்பேற்ற எஷ்வெகே அடிப்படையில் சுரங்கப் பொறியாளர். அந்தத் துணிச்சலுக்கு அதுதான் காரணமோ என்னவோ!

தூக்குப்பாலம் இருக்கிறது, தூக்க முடியாது. அரபு அறையின் சுவரில் செதுக்கியதுபோல் தெரிவதெல்லாம் தூரிகை வேலை. ஒரு வளைவின் மேல் சிப்பியில் உட்கார்ந்து முறைக்கிறான் பாதி மனிதன், பாதி மீனான ட்ரைட்டன்.

எல்லாமே போலி என்று சிரித்துக்கொண்டே வந்தவனை நிறுத்தியது ஒரு ஜன்னல். தோமார் மடாலயத்தின் புகழ்பெற்ற ஜன்னலைப் பார்த்துச் செய்தது. கப்பல் கயிறும் பவளமும் கல்லில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தப் பாணிக்கு மன்னர் மனுவேலின் பெயர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது அவர் ஆட்சியில், 1498-இல். மலபார் மிளகில் வந்த காசு அன்றைய கட்டடங்களில் கல்லாக நிற்கிறது. 1822-இல் பிரேசில் போர்ச்சுகலின் கைவிட்டுப் போனது. பிறகு உள்நாட்டுப் போர். அதெல்லாம் ஓய்ந்தபின் கட்டும்போது கைபோனது அந்தப் பழைய கயிற்றுக்கே. வேடிக்கை, அந்தப் பழைய காலத்துக்கு ஏங்கியவர் வெளிநாட்டு மாப்பிள்ளை!

இரவு ரோசியுவில் இறங்கியதும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். 1880-களில் கட்டிய ரயில்வே ஸ்டேஷன். அதற்கும் மனுவேல் காலத்து உடுப்புதான் மாட்டியிருந்தார்கள். காலையில் இதற்குள் நுழைந்துதான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.